நுங்கம்பாக்கத்துக்கு மட்டும் சொந்தமல்ல அந்த ரயில்

சென்னையில் உலக சினிமா பேசும் வட்டங்களில் ஓர் எண்ணம் ஊறிப்போய்க் கிடக்கிறது. பிரெஞ்சு ஊமைப்படம், அதிலும் சோதனைப்படம் என்றால், அது நுங்கம்பாக்கத்து அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கோடு முடிந்துவிடும் சமாச்சாரம். கிண்டியைத் தாண்டினால் அதற்கு ஆள் இல்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கத்துச் சனங்களுக்குக் கதை வேண்டும், கண்ணீர் வேண்டும், பாட்டு வேண்டும். அவர்களிடம் போய் நூறு வருஷத்துப் பேசாத படத்தைக் காட்டினால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். இதோடு ஒட்டியே இன்னொன்றும் சொல்லப்படுகிறது. அந்தப் படங்கள் நம் சினிமாவைத் தொட்டதே இல்லை. நம்முடையது நாடக மேடையிலிருந்து வந்தது. இப்போது காணும் படபட வெட்டெல்லாம் எம்டிவியும் விளம்பரப் படங்களும் கொண்டுவந்து சேர்த்தது.

படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள், கொட்டகை நடத்துகிறவர்களும் சொல்கிறார்கள். தாம்பரத்தில் குடியிருந்து, ஜி.எஸ்.டி. சாலைக் கொட்டகைகளில் படம் பார்த்து வளர்ந்தவன் என்கிற முறையில் இரண்டையும் மறுக்கிறேன். மறுக்க ஒரு படம் போதும்: ஆபெல் கான்ஸ் எடுத்த ‘லா ரூ’. தமிழில் ‘சக்கரம்’ எனலாம். 1922 டிசம்பரில் பாரிஸின் கோமோன் பாலஸ் அரங்கில் முதலில் காட்டப்பட்டது. 1923-ல் பொதுவெளியீடு கண்டது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். சோதனைப்படம் என்றாலே கதையில்லாத படம் என்ற நினைப்புதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஒரு ரயில் விபத்து. சிசிஃப் என்ற எஞ்சின் டிரைவர் இடிபாடுகளுக்குள்ளிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வருகிறார். அனாதைக் குழந்தை. இவளும் என் பிள்ளைதான் என்று தன் மகன் ஏலியோடு சேர்த்து வளர்க்கிறார். நோர்மா என்ற அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளாகிறாள். ஏலிக்கு அவள் தங்கை என்றுதான் தெரியும். சிசிஃபின் மனசோ தடம் புரள்கிறது. வளர்த்த பெண் மேலேயே ஆசை வந்து, அதை நினைத்து அவரே வெந்து மாய்கிறார். இந்த ரகசியம் தெரிந்த ரயில்வே அதிகாரி எர்சான், மிரட்டியே அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பிறகு நீராவி பீறிட்டு அடித்ததில் சிசிஃபின் பார்வை மங்குகிறது. மலை ரயிலுக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே ஏலியும் எர்சானும் மோதி இருவருமே சாகிறார்கள். கண் போன கிழவரும் எல்லாம் இழந்த அந்தப் பெண்ணும் பனிமலைக் குடிசையில் மிஞ்சுகிறார்கள்.

விபத்தில் கிடைத்த குழந்தை, மறைக்கப்பட்ட பிறப்பு, அண்ணன் தங்கை என்று நம்பி வளர்ந்த இருவர், வில்லனின் மிரட்டல், கண்ணிழப்பு. இதில் தாம்பரத்து ரசிகருக்குப் புரியாதது எது? பீம்சிங் படங்களுக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட குடும்பங்கள் இந்தக் கதைக்கு அழ மாட்டார்களா? ‘சென்டிமென்ட்’ என்று நாம் எதைத் தாழ்வாகச் சொல்கிறோமோ, அந்தச் சரக்கு முழுவதையும் கான்ஸ் வெட்கமே இல்லாமல் வண்டியில் ஏற்றியிருக்கிறார். உலகத்தின் தலைசிறந்த சோதனைப்படங்களில் ஒன்று ஒரு குடும்பப் படம். இது தெரியாமல்தான் நம் அறிவாளிகள் ஒருபக்கம் கலை, மறுபக்கம் கண்ணீர் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் சோதனை எங்கே? வெட்டில். நோர்மாவைக் கல்யாணத்துக்குப் பாரிஸ் கொண்டுபோகும் ரயிலை ஓட்டுவது சிசிஃப்தான். அவளை இழப்பதைவிட வண்டியோடு எல்லோரையும் கொண்டுபோய் மோதிவிடலாம் என்று வெறி பிடிக்கிறது. தண்டவாளம், சக்கரம், முன்னும் பின்னும் அடிக்கும் இணைப்புத் தண்டு, அழுத்தமானியின் முள், புகை, சிசிஃபின் கண், பெட்டிக்குள் ஒன்றும் அறியாமல் உட்கார்ந்திருக்கும் நோர்மா. முதலில் ஒவ்வொன்றும் நிதானமாக வருகிறது. போகப்போகத் துண்டுகள் சுருங்குகின்றன. மறுபடி சக்கரம், மறுபடி கண், மறுபடி முள், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் குறைவாக. வண்டி வேகமெடுத்ததை நாம் வண்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. பிலிம் துண்டுகளின் நீளம் குறைவதிலேயே வேகம் நம் உடம்பில் ஏறிவிடுகிறது. விபத்து கடைசியில் தவிர்க்கப்படுகிறது. நமக்கு மூச்சு திரும்ப நேரமாகிறது.

பின்பாதியில் ஏலி மலைப்பாறை விளிம்பில் தொங்குகிறான். கை வழுக்குகிறது. அவள் குரல் தூரத்தில். அந்தக் கணத்தில் நோர்மாவின் முகங்கள் அவன் முன் ஓடுகின்றன: சிரித்தவள், திரும்பிப் பார்த்தவள், சின்ன வயசில் கண்டவள். ஓட்டம் ஏறி ஏறி, ஒரு துண்டுக்கு ஒரே ஒரு சட்டகம் என்ற அளவுக்கு வருகிறது. பிறகு கை விடுகிறது. உயிர் போகும் நேரத்தில் வாழ்ந்ததெல்லாம் கண்முன் மின்னி மறைவதை நம் படங்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! குண்டடிபட்டு விழும் கதாநாயகன், தூக்குமேடை ஏறுகிறவன், பிரசவ அறையில் கண் சொருகும் தாய். அந்த வழக்கத்தின் தலைப்பிள்ளைகளில் ஒருவன் இந்த ஏலி. 1924-ல் மூவியோலா என்ற தொகுப்புக் கருவி வருவதற்கு முன்பே, பிலிமைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, கத்தரியும் பசையுமாக இதைச் செய்து முடித்தார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் இருக்கிறார். விழுப்புரத்தில் மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, தாம்பரத்தில் வந்து ஓய்ந்தவர். அவருக்கு அந்த ரயில் காட்சியை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். கதை எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். முள் இரண்டாவது தடவை வந்ததும் நாற்காலியில் முன்னுக்கு வந்துவிட்டார். “தம்பி, இவன் ரெகுலேட்டரைத் திறந்துட்டு மூட மாட்டேங்குறான். இவனுக்கு மனசு சரியில்ல” என்றார். இன்னும் கொஞ்சம் போனதும், “யாரு அந்தப் பொண்ணு, இவன் மகளா?” என்றார். கதையின் அடிமடியில் கிடக்கும் கேள்வி அது. வசனமும் இல்லை, விளக்கவுரையும் இல்லை. எஞ்சின் ஓட்டிய ஒருவருக்கு வெட்டின் வழியாகவே சிசிஃபின் மனசு போய்ச் சேர்ந்துவிட்டது. இவருக்கா இந்தப் படம் அந்நியம்?

தாம்பரம் ரயிலால் ஆன ஊர். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டுதான் மீனம்பாக்கமும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் புறநகராக வளர்ந்தன. 2004 வரை அதே மீட்டர்கேஜில் மூன்று தலைமுறை ஆபீஸ் போய் வந்தது. கான்ஸ் என்ன செய்தார்? நீஸ் நகரத்து ரயில்வே யார்டில், நிஜத் தண்டவாளங்களுக்கு நடுவிலேயே சிசிஃபின் வீட்டைக் கட்டிப் படம் எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே இரவும் பகலும் வண்டிகள். அந்த வீடு எப்படி இருக்கும் என்பது ரயில்வே காலனியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியும். எதிர்வண்டி கடக்கும்போது ஜன்னல் ஜன்னலாக முகங்கள் வெட்டி வெட்டிப் போவதை பழவந்தாங்கலுக்கும் திரிசூலத்துக்கும் நடுவே வாசற்படியில் நின்று தினமும் பார்ப்பவர்களுக்கு, வேக வெட்டு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“சரி, எந்தத் தமிழ் இயக்குநர் ‘லா ரூ’வைப் பார்த்தார்? பெயர் சொல்” என்பார்கள். கேள்வியே பிசகு. தொல்காப்பியத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத பாட்டி வேற்றுமை உருபைத் தப்பில்லாமல் போட்டுப் பேசுகிறாள். இலக்கணம் அவளுக்கு வாயிலிருந்து வாய்க்கு வந்தது. திரைமொழியும் கைமாறித்தான் வரும். கைமாறிய தடம் நன்றாகவே தெரிகிறது. ‘லா ரூ’வைச் சோவியத் இயக்குநர்கள் தேடிப் பார்த்துப் படித்தார்கள், ஐசன்ஸ்டைன், புடோவ்கின் இருவரின் தொகுப்பு முறைக்கும் அதில் வேர் உண்டு. ஜப்பானில் இளைஞன் அகிரா குரோசாவாவை முதன்முதலாக உலுக்கிய படம் இதுவே என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஓவியர் ஃபெர்னான் லெஜே இதைப் பற்றி எழுதினார், பிறகு தானே ‘பாலே மெக்கானிக்’ எடுத்தார். படத்துக்கு இசை அமைத்த ஆர்தர் ஒனெகர் பின்னர் ஒரு ரயில் எஞ்சினையே இசைக்கோவையாக்கினார்.

சோவியத்திலிருந்து நம் பக்கம் வந்த வழியும் இருக்கிறது. கிழக்கு வங்க அகதிகளைப் பற்றி நிமாய் கோஷ் எடுத்த ‘சின்னமூல்’ (1950) படத்தை இந்தியா வந்த புடோவ்கின் பார்த்துக் கொண்டாடினார். படம் சோவியத்துக்குப் போனது. அதே நிமாய் கோஷ் சென்னைக்கு வந்து 1960-ல் ‘பாதை தெரியுது பார்’ எடுத்தார், இங்கேயே தங்கித் திரைத் தொழிலாளர்களோடு நின்றார். ஐசன்ஸ்டைனைக் குருவாகக் கொண்ட ரித்விக் கட்டக் புனே திரைப்படக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அவரிடம் படித்த ஜான் ஆபிரகாம் தமிழில் வந்து ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எடுத்தார். அதே புனேயில் படித்தவர் பாலு மகேந்திரா. தரமணியில், தாம்பரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நம் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அங்கே தொகுப்புப் பாடம் படிக்கிற பிள்ளை சோவியத் இயக்குநர்களில் தொடங்காமல் எதில் தொடங்கும்? இப்படிப் படித்து வந்தவர்களின் கை கோடம்பாக்கத்துத் தொகுப்பு மேசைகளில் பட்டிருக்கிறது. பாதையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர்ப்பலகை இருக்கும்போது, வண்டியே வரவில்லை என்று சாதிப்பது எப்படி?

நாடக மேடை வாதத்துக்கு வருகிறேன். தமிழ் சினிமா மேடையிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது, மறுப்பாரில்லை. தமிழ் நாடகத்தின் தந்தை என்று போற்றப்படுகிற சம்பந்த முதலியாரின் பெயருக்கு முன்னால் இருப்பதே பல்லாவரத்தை அடுத்த பம்மல்தான். அவருடைய ‘மனோகரா’வும் ‘சபாபதி’யும் திரைக்கு வந்து வெற்றி பெற்றன. ஆனால் வசனம் மேடையிலிருந்து வந்தது என்பதால் படமும் மேடையிலிருந்தே வந்தது என்றாகிவிடுமா? தமிழ்நாட்டில் சினிமா ஊர் ஊராகப் போனது எப்படி என்று பாருங்கள். 1905-ல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் போட்டுக் காட்டக் கிளம்பினார். ஒரு ரயில்வே ஊழியர், ஒரு பிரெஞ்சுக் கருவி, பேசாத படங்கள். நம் சினிமாவின் பிறப்புச் சங்கதியே இதுதான். அந்தக் கொட்டகைகளில் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொல்வார், வாத்தியம் வாசிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டம் தரையில் உட்கார்ந்து பார்த்தது, ரசித்தது. ஊமைப்படம் புரிய விசேஷப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் பிற்பாடு வந்தது. அது நம் பாட்டன்மாருக்குத் தெரியாது.

பாரிஸின் புதுக்கலைச் சூழலில் வாழ்ந்து ஆடிய உதயசங்கர், தன் ஒரே படமான ‘கல்பனா’வை எடுக்க வந்து இறங்கியதும் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்தான். 1948-ல் வந்த அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு நம் கே. ராம்நாத். மனிதர்கள் இயந்திரத்தின் பற்சக்கரங்களாகி ஆடும் காட்சி அதில் உண்டு. ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்துக்கு அந்தப் பக்கத்துக் களத்திலிருந்து காற்று வீசியது என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்வதுண்டு. ஐரோப்பியப் புதுக்கலையும் தமிழ் வெகுஜனப் படமும் ஒரே ஸ்டூடியோவில், ஒரே காலத்தில் மூச்சு விட்டிருக்கின்றன.

எம்டிவி வாதம் இதைவிடப் பலவீனமானது. தொண்ணூறுகளில் ஆவிட் என்ற கணினித் தொகுப்பு முறை வந்தது, வெட்டுவது சுலபமானது, அதுவரை உண்மை. சுலபமானதால் கண்டபடி வெட்டினார்கள், அதுவும் உண்மை. ஆனால் வேக வெட்டே அங்கிருந்து வந்த வியாதி என்கிறவர்கள், அந்த உத்தியைக் குழப்பமாகக் கையாண்டவர்களின் பழியை அதைக் கண்டுபிடித்தவர்கள் தலையில் கட்டுகிறார்கள். கான்ஸின் வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. சிசிஃபின் மனசு எந்த அளவுக்கு நிலை தவறுகிறதோ அந்த அளவுக்கே துண்டு சுருங்கும். அதற்கு மேல் ஒரு சட்டகம் சுருங்காது. அர்த்தமில்லாமல் வெட்டும் இன்றைய சண்டைக்காட்சிகளை எதிர்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. படத்தையே ஒதுக்கிவிட்டு எதை வைத்து எதிர்ப்பார்கள்?

இந்த வேகம் சரியான கையில் என்னவாகும் என்பதற்குப் ‘பரியேறும் பெருமாள்’ (2018) சாட்சி. தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்ட கருப்பி என்ற நாய். ஓடி வரும் பரியன். நெருங்கும் ரயில். நாய், கால்கள், சக்கரம். இழுத்துப் பறித்துக்கொண்டு வரமுடியாத அந்தத் தூரத்தை மாரி செல்வராஜ் வசனத்தால் சொல்லவில்லை. கடைசியில் பரியனையே தண்டவாளத்தில் கொண்டு கிடத்தும்போது, செத்துப்போன கருப்பி வந்து அவனை எழுப்புகிறது. கனவா நிஜமா என்று பார்த்தவர்கள் யாரும் கேட்கவில்லை. கொட்டகை முழுக்க ஏற்றுக்கொண்டது. இதைச் சோதனைப்படம் என்று யாரும் விளம்பரம் செய்யவில்லை. செய்திருந்தால் ஓடியிருக்காது என்பார்கள் விநியோகஸ்தர்கள். பெயர்ப் பலகை பார்த்துப் படத்தைத் தள்ளுகிற வழக்கம் விநியோகஸ்தர்களுடையது. பார்வையாளர்கள் மேல் அதைச் சுமத்துவது அநியாயம். ‘மூன்றாம் பிறை’யின் கேத்தி ரயில் நிலையத்தையும் நினைத்துக்கொள்கிறேன். நகரும் வண்டி, மழை, குரங்குச் சேட்டை செய்து காட்டும் கமல், ஜன்னலில் அவரை அடையாளம் தெரியாத முகம். பேச்சு செத்துப்போன இடம் அது. ஊர் உலகமெல்லாம் அழுதது.

சோதனைக் கலை என்றால் இரத்தமில்லாத மூளை விளையாட்டு என்ற பேச்சையும் விட முடியாது, ஏனென்றால் ‘லா ரூ’ விஷயத்தில் அது கொடுமையான பொய். கான்ஸின் காதலி இடா தானிஸ் காசநோயில் இருந்தார். அவருக்காகத்தான் நீஸின் வெயிலுக்குப் போனார்கள். அவருக்கு மலைக்காற்று வேண்டும் என்பதற்காகவே கதையை ஆல்ப்ஸுக்கு நகர்த்தினார் கான்ஸ். படத்தின் கரிபடிந்த முதல்பாதி பனிவெளியாக மாறுவதற்குப் பின்னால் இருப்பது ஒரு நோயாளியின் நுரையீரல். 1921-ல் இடா இறந்தார். சிசிஃபாக நடித்த செவரன் மார்ஸும் அதே ஆண்டு போய்ச் சேர்ந்தார். நம் பாதையில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு நிலையத்துக்குத் தாம்பரம் சானட்டோரியம் என்றே பெயர். சௌரி முத்து என்ற மருத்துவர் இங்கிலாந்தில் காசநோய் விடுதி நடத்தி, அங்கே கணிதமேதை ராமானுஜனுக்கும் வைத்தியம் பார்த்து, பிறகு இங்கே வந்து 1928-ல் அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். நல்ல காற்றுக்காக நோயாளிகளை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்து, நடைமேடையில் பிடித்து இறக்கி, குணமாகும் என்று நம்பிக் காத்திருந்த குடும்பங்களின் ஊர் இது. ரயிலும் காசநோயும் சேர்ந்து உருவாக்கிய படத்தை உணர இதைவிடத் தகுதியான ஊர் எங்கே இருக்கிறது?

மிஞ்சுவது நீளம். 2019-ல் பிரான்சில் மீட்டெடுத்து வெளியிட்ட வடிவம் ஏழு மணி நேரத்துக்குக் கிட்ட ஓடுகிறது. அவ்வளவு நேரம் யார் உட்காருவார்கள் என்கிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது, ஓர் இரவோடு முடிவதுமில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். நடுவில் தூங்குகிறார்கள், டீ குடித்துவிட்டு வருகிறார்கள், மறுபடி கதைக்குள் நுழைகிறார்கள். கான்ஸும் இந்தப் படத்தை ஒரே மூச்சில் காட்டவில்லை, பல அமர்வுகளாகப் பிரித்துத்தான் முதலில் திரையிட்டார். ஊமைப்படத்துக்கு உயிர் வாத்தியம் வேண்டும். தாம்பரத்தைச் சுற்றி நாகசுரக்காரர்கள் இருக்கிறார்கள், பறைக் குழுக்கள் இருக்கின்றன, தேவாலயங்களில் ஆர்கன் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சக்கரம் சுழலும் காட்சிக்குப் பறை அடித்தால் என்னவாகும் என்று யோசித்துப் பார்க்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆகவே திரைப்பட விழா நடத்துகிறவர்களிடமும் பிரெஞ்சுப் படங்களைத் தருவித்துக் காட்டுகிறவர்களிடமும் என் கோரிக்கை நேரடியானது. அடுத்த முறை ‘லா ரூ’வின் முதல் பகுதியை மட்டுமாவது குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ திரையிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள். நுழைவுக்கு அடையாள அட்டை கேட்காதீர்கள், ஆங்கிலத்தில் முன்னுரை வேண்டாம். வசன அட்டைகளைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல ஒரு நல்ல குரல் போதும். ரயில்வே காலனியில் சுவரொட்டி ஒட்டுங்கள். அதற்குப் பிறகு வந்து சொல்லுங்கள், இந்த ஊருக்கு அது புரியாது என்று.